பலாத் தடி வாங்குறவங்க கவனத்துக்கு: முனைப் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க

தென்காசி பக்கம் ஒரு மரக்கடையில "ரெண்டு வருஷம் நிழல்ல கிடந்த பலா அண்ணாச்சி, நேரா உளியை வைக்கலாம்"னு சொல்லி மிருதங்கத்துக்குக் கொடுத்த தடி சுத்தப் பச்சை. குடைஞ்சு வச்ச கட்டை வலந்தலை (வலது கையால வாசிக்கிற பக்கம்) விளிம்புல இருந்து வயிறு வரைக்கும் வெடிச்சுட்டு. திருப்பிக் கேட்டா, வாள் பட்ட மரத்தை எடுக்கிறதில்லைன்னு கையை விரிச்சிட்டாங்க.

தடியோட ரெண்டு முனையிலயும் செங்காவிப் பெயிண்ட். முனை வெடிக்காம இருக்க அடிக்கிறதுதான், அதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல. ஆனா சுரண்டினா, அடியில மரத்தூளும் பெவிகாலும் குழைச்சு அப்பின வெடிப்பு.

அடுத்தது நிறம். பலா வைரம் (தடியோட உள்ளே இருக்கிற கெட்டி மரம்) அறுத்த புதுசுல பளிச்சுன்னு மஞ்சளா இருக்கும். காத்தும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறும். அதனால பழைய தடி மேல பழுப்பாவும், உளியால ஒரு செதில் எடுத்தா உள்ளே மஞ்சளாவும் இருக்கணும். இவங்க கொடுத்தது மேல மஞ்சள், செதிலுக்கு அடியில வெள்ளை. வைரத்தைச் சுத்தி வெளியில இருக்கிற வெள்ளை மரத்துக்குச் சாயம் ஏத்தியிருக்காங்க! வெள்ளையை வண்டு அரிச்சிரும், கட்டைக்கு ஆகவே ஆகாது. வயிறு 10, 11 அங்குலம் வர்ற கட்டைக்கு, வெள்ளை போக வைரம் மட்டுமே 12 அங்குல விட்டம் வேணும்.

அளவுலயும் பாருங்க. சுத்தளவுல நாலில் ஒரு பங்கை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கித்தான் கனஅடி போடுவாங்க. 48 அங்குலச் சுத்து, 3 அடி நீளம்னா 3 கனஅடி. அரை அங்குலப் பட்டையோட டேப் பிடிச்சா சுத்து 51 ஆயிரும், கணக்கு 3.39. பட்டைக்கும் பலா விலைதான் கொடுக்கிறீங்க.

24 அங்குலக் கட்டைக்கு 3 அடித் தடி கேளுங்க. முனை சீக்கிரம் காய்ஞ்சிரும், அதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. நேரான விளிம்புள்ள சிமெண்டுச் சாக்குக் காகிதத்தைத் தடியைச் சுத்தி ஒட்டிப் பிடிச்சுக் கோடு போட்டு, முனையில இருந்து ஒரு சாண் தள்ளி, தடியை உருட்டி உருட்டிக் கைவாளால கடையிலயே அறுங்க. தூளைக் கையில பிடிச்சு அது உருண்டையா நின்னா பச்சை, வாளும் இறுகும். இன்னும் சரியாத் தெரியணும்னா, அதே இடத்துல ஒரு அங்குல வில்லை எடுத்து உடனே எடை போட்டு, அடுப்புச் சூட்டுல கருகாம எடை நிக்கிற வரைக்கும் காய வைங்க. 130 கிராம் 100 ஆச்சுன்னா ஈரம் 30 சதவீதம், காய்ஞ்ச எடையை வச்சுத்தான் கணக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு 12 சதவீதம் பக்கம் வரணும்.

வெட்டுன முகத்துல வளையங்கள் தொடங்குற நடுமையத்தைத் தேடுங்க. ரெண்டு முனையிலயும் அது நீங்க குடையப் போற துளைக்குள்ள விழுந்து சில்லாப் போயிரணும். மரம் சுத்துவாக்குல சுருங்குற அளவு, மையத்தைப் பார்த்துச் சுருங்குறதைப் போல ஏறத்தாழ ரெண்டு பங்கு. அதனாலதான் வெடிப்பு எல்லாமே மையத்தை நோக்கி ஓடும். மையமே கட்டைச் சுவர்ல மாட்டினா அந்தக் கட்டை தப்பாது. தடி பெருசுன்னா மையத்தைச் சுத்தி வட்டத்தைத் தள்ளிப் போட்டுக்கலாம், அளவான தடியில அதுக்கு இடமிருக்காது.

பச்சை மரம் வாங்குறது தப்பில்ல, பச்சை விலைக்கு வாங்கணும். அறுத்த அன்னைக்கே முனைக்கு மெழுகை உருக்கிப் பூசி, சுவரை ஒண்ணரை அங்குலம் விட்டு முரட்டாக் குடைஞ்சு, காத்து நேரா அடிக்காத நிழல்ல போடுங்க. மாசத்துக்கு ஒருக்கா நிறுத்து எழுதி வைங்க. எடை இறங்குறது நின்ன பிறகுதான் கடைசிக் குடைச்சல்.