12-0-12, 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர்: கையால் சுற்றி ஆறு வருடம் ஓட்டிய பிறகு

வீட்டு ஆம்பிளிபயருக்குச் சுற்றியது. 12-0-12 என்றால் நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட், இரு ஓரத்துக்கும் நடுவே 24. ஆறு வருடமாகத் தினமும் நாலைந்து மணி நேரம் ஓடுகிறது. தொட்டால் இளஞ்சூடு, அவ்வளவுதான். இரும்பிலும் சுற்றிலும் கஞ்சத்தனம் பார்க்காததுதான் இதற்குக் காரணம்.

24 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 72 வி.ஏ. (வோல்ட் பெருக்கல் ஆம்பியர்). அதன் வர்க்கமூலத்தை 1.15 ஆல் பெருக்கினால் 9.8 சதுர செ.மீ. இரும்பு போதும் என்று வரும். இதில் போட்டிருப்பது ஒன்றேகால் அங்குல (31.75 மி.மீ.) நாக்குள்ள (நடுக்காலுள்ள) ஈ-ஐ ஸ்டாம்பிங் (E, I வடிவ இரும்புத் தகடுகள்), 38 மி.மீ. அடுக்கு, தகட்டுப் பூச்சையும் இடுக்கையும் கழித்தால் 11.5 சதுர செ.மீ. இரும்பின் எடை 1.7 கிலோவை ஒட்டி வரும். 50 ஹெர்ட்ஸில் இரும்பில் காந்த அடர்த்தி 1 டெஸ்லாவைத் தாண்டாமலிருக்க, 45 ஐ இந்தப் பரப்பால் வகுக்க வேண்டும்: வோல்ட்டுக்கு 3.9 சுற்று. 4 என்று வைத்துக்கொண்டால் பிரைமரி (230 வோல்ட் லைன் பக்கம்) 920 சுற்று, 27 கேஜ் (எஸ்.டபிள்யூ.ஜி.). செகண்டரி (12-0-12 பக்கம்) 48+48 தான் வரும். சுமையில் இறங்குவதை ஈடுகட்ட 51+51, 18 கேஜ். சுமையில்லாமல் 25.5 வோல்ட், முழுச் சுமையில் 24 க்குச் சற்றுக் கீழே.

விலை மலிவான ரெடிமேடில் பல நேரம் குறைப்பது இந்தச் சுற்றுகளைத்தான். 230 இல் ஒழுங்காக ஓடும். இரவில் லைன் 255 க்கு ஏறினால் இரும்பில் காந்தம் நிரம்பி, சுமையே இல்லாமல் உறுமும், கொதிக்கும். நம்முடையது 260 வோல்ட்டிலும் 1.11 டெஸ்லாவைத்தான் தொடும்.

கம்பி பிரைமரிக்கு 200 கிராம், செகண்டரிக்கு 230 கிராம் பிடிக்கும்; இரண்டிலும் கால் கிலோ வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் கடையில் உண்டு. கத்தியால் அழுத்திச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

பெரும்பாலான வைண்டிங் கெடுவது பாபின் (கம்பி சுற்றும் கூடு) ஓரத்தில்தான். அடுத்தடுத்த இரண்டு அடுக்குக்கு நடுவே அதிகபட்சம் 42 வோல்ட்தான். ஓரத்தில் ஒரு சுற்று நழுவி நாலு அடுக்கு கீழே விழுந்தால் 84 வோல்ட் வரும், கம்பி மேலுள்ள எனாமல் பூச்சு என்றைக்காவது விட்டுவிடும். அதனால் அடுக்குக்கு 84 சுற்று, 11 அடுக்கு, இரு ஓரமும் 2 மி.மீ. காலி. ஒவ்வொரு அடுக்குக்கும் மேல் பாபின் அகலத்துக்குப் பேப்பர். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே மூன்று சுற்று பாலியஸ்டர் ஷீட். வெளியே வரும் முனைகளுக்கெல்லாம் ஸ்லீவ் (இன்சுலேஷன் குழாய்).

தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்று திருப்பிப் போட வேண்டும். கடைசி இரண்டு தகடு இறுகும்போது சுத்தியலால் அடித்து ஏற்றினால் பாபினைக் கிழித்துக் கம்பியைத் தொடும், போகாவிட்டால் விட்டுவிடலாம். பிறகு 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்து, சூடு ஆறுமுன் வார்னிஷில் முக்கி, குமிழி நிற்கும்வரை வைத்து, வடித்து, மறுபடி சுட வைக்க வேண்டும். கடலோர ஊர் ஈரக்காற்றில் வார்னிஷ் இல்லாத காயிலை நம்ப முடியாது.

முதல் சோதனை பிரைமரியோடு தொடராகக் கோத்த 60 வாட் சீரிஸ் பல்பில். பல்பு எரிந்தால் ஷார்ட். எரியாததால் ஷார்ட் இல்லை என்று சொல்லிவிட முடியாது: பிரைமரியில் ஒரே ஒரு சுற்று ஒட்டியிருந்தால் இரண்டு மூன்று வாட்தான் இழுக்கும், பல்பு காட்டாது. நேராக லைனில் கொடுத்து, சுமையில்லாமல் இரண்டு மணி நேரம் விட்டு, பிளக்கைக் கழற்றிய பின் காயிலைத் தொட்டுப் பாருங்கள். இரும்பைவிடக் காயில் ஒரு பக்கம் மட்டும் சுட்டால் பிரிக்க வேண்டியதுதான்.

நான்காவது வருடம் லேசாக உறுமத் தொடங்கியது. சூடும் குளிரும் மாறி மாறி மூலை போல்ட் தளர்ந்திருந்தது. கால் திருகு இறுக்கியதும் நின்றது. போல்ட்டுக்கு இன்சுலேஷன் குழாயும் வாஷரும் இருக்கட்டும், இல்லாவிட்டால் தகடுகளை அதுவே ஷார்ட் செய்யும்.

பிரைமரியில் 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ-புளோ (மெதுவாக உருகும்) பியூஸ். ஏ.சி.யை டி.சி.யாக்க பிரிட்ஜ், கபாசிட்டர் போட்டபின் டி.சி.யில் 1.8 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுக்காதீர்கள். 3 ஆம்பியர் என்பது ஏ.சி. கணக்கு.