சார்லஸ் லாய்டின் மூன்று நால்வர் ஆல்பங்கள்: முதலில் எதை எடுப்பது?

எழுபதை நெருங்கும்போது ஒன்று, எழுபது தாண்டியதும் ஒன்று, எண்பத்தைந்தில் ஒன்று. அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லஸ் லாய்டின் பிற்கால நால்வர் குழுப் பதிவுகளில் இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றிப் பரிந்துரைக்கிறார்கள்: 2008இல் வந்த ‘ராபோ தே நூபே’, 2010இன் ‘மிரர்’, 2024இன் ‘தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ’. ஒன்றுதான் என்றால் ‘ராபோ’. மூன்றில் உயர்ந்தது எது என்றால் ‘ஸ்கை’. இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வராததற்குக் காரணம் இருக்கிறது.

லாய்ட் 1938 மார்ச் 15 அன்று மெம்ஃபிஸில் பிறந்தவர். முதன்மை வாத்தியம் டெனர் சாக்ஸஃபோன். புல்லாங்குழலும் ஆரம்பத்திலிருந்தே கூட வருகிறது. 1966இல் கீத் ஜாரெட், சிசில் மெக்பீ, ஜாக் டிஜானெட் இருந்த நால்வர் குழுவுடன் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் பதிவான ‘ஃபாரஸ்ட் ஃப்ளவர்’ அவரை ராக் ரசிகர்கள் வரை கொண்டுபோனது. பிறகு மேடையை விட்டு அதே மாநிலத்தின் பிக் சர் மலைக்கரையில் ஒதுங்கினார். எண்பதுகளில் இளம் பியானோக் கலைஞர் மிஷேல் பெட்ருச்சியானி தேடி வந்த பிறகுதான் மறுபடி வெளியே வந்தார்.

மூன்று ஆல்பங்களையும் ஒப்பிட வசதியான ஒரு விஷயம், பியானோவில் மூன்றிலும் ஜேசன் மொரான்தான். ‘ராபோ’விலும் ‘மிரரி’லும் பேஸ் ரூபன் ராஜர்ஸ், டிரம்ஸ் எரிக் ஹார்லண்ட். ‘ஸ்கை’யில் பேஸ் லாரி கிரெனடியர், டிரம்ஸ் பிரையன் பிளேட். ஆக, முதல் இரண்டுக்கும் இடையே மாறுவது இடமும் பாட்டுத் தேர்வும். மூன்றாவதில் அடித்தளமே மாறுகிறது. ஜாஸில் டிரம்ஸ்காரர் மாறினால் குழுவே மாறின மாதிரி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

‘ராபோ தே நூபே’ 2007 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அரங்கில் நேரடியாகப் பதிவானது. ஏழு உருப்படிகள், சுமார் எழுபத்தைந்து நிமிடம். முதல் உருப்படி ‘ப்ரொமீதியஸ்’ மட்டுமே கால் மணி நேரத்தைத் தொடும். புதிதாக வருபவர் இதிலேயே மிரண்டு நிறுத்திவிடுவது வழக்கம். அது லாய்டின் குற்றமல்ல, ஆரம்பித்த இடத்தின் குற்றம். கடைசி உருப்படியை முதலில் கேளுங்கள். கியூபாவின் சில்வியோ ரோட்ரிகெஸ் எழுதிய பாடல் அது; ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான். மெட்டு நேரானது, மனதில் உடனே ஒட்டும். அடுத்து ‘ஸ்வீட் ஜார்ஜியா பிரைட்’. லாய்ட் அறுபதுகளிலிருந்து வாசித்து வரும் பழைய மெட்டு இது. மொரான் பழைய ஸ்ட்ரைட் பாணியில் இடதுகையைத் தாவவிட்டு, அங்கிருந்து கட்டறுத்து ஓடிவிட்டுத் திரும்புவதை இதில் பிடித்துவிட்டால் ‘ப்ரொமீதியஸ்’ பிறகு பயமுறுத்தாது.

இதிலுள்ள ‘ராமானுஜன்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் நமக்குக் கும்பகோணம் நினைவுக்கு வரும். ஆனால் கவனிக்க வேண்டியது வாத்தியம்: லாய்ட் இங்கே எடுப்பது தாரோகாட்டோ. ஹங்கேரியில் 1890களில் இன்றைய வடிவம் பெற்ற மரக்குழல் அது. கூம்பு வடிவத் துளை, சாக்ஸஃபோனைப்போல் ஒற்றை நாக்கு. அதற்கு முந்திய பழைய தாரோகாட்டோவுக்கோ நம் நாகசுரச் சீவாளி மாதிரி இரட்டை நாக்கு. துருக்கிய ஊதுகுழலான சுர்னாவின் உறவு. இன்றைய வாத்தியத்தில் நாக்கு மாறினாலும் மரத்தின் கம்மல் மிச்சம் இருக்கிறது. சொப்ரானோ சாக்ஸின் பளபளப்பை எதிர்பார்த்தால் மந்தமாகத் தோன்றும். ஷெனாய் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். இந்த வாத்தியத்துக்காகவே ‘ராபோ’ ஒரு படி முன்னே நிற்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். ‘புக்கர்ஸ் கார்டன்’ என்ற உருப்படி ‘ராபோ’விலும் இருக்கிறது, ‘ஸ்கை’யிலும் இருக்கிறது. லாய்டின் மெம்ஃபிஸ் பள்ளித் தோழர், 1961இல் இருபத்து மூன்று வயதில் இறந்துபோன டிரம்பெட் கலைஞர் புக்கர் லிட்டிலின் நினைவாக எழுதியது. இரண்டிலும் ஆல்டோ புல்லாங்குழல். சாதாரண மேற்கத்தியப் புல்லாங்குழலைவிட நீளமானது, இன்னும் கீழே இறங்கும், மூச்சு அதிகம் தின்னும். அதன் கீழ் சுரங்கள் எவ்வளவு ஊதினாலும் ஓரளவுக்கு மேல் சத்தம் ஏறாது. டிரம்ஸ்காரர் கொஞ்சம் கை ஓங்கினாலும் குழல் அமுங்கிவிடும். ஹார்லண்ட் இதைச் சமாளிப்பது சின்னச் சின்ன அடிகளைப் பின்னிப் பின்னி. தாளத்தின் ஓட்டம் அறுவதில்லை, கனம்தான் குறைகிறது. பிளேட் வழி வேறு: அடிக்காமல் விடுகிறார். நடுவில் ஒரு சிம்பல் தட்டு, அது ஓயும் வரை காத்திருப்பு. பாசல் பதிவு கிட்டத்தட்ட பதினான்கு நிமிடம் தோட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறது. 2024 பதிவு அதைவிடக் குறுகியது, ஒரே மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறது. முதலாவது பிடித்தால் ‘ராபோ’வோடு நில்லுங்கள். இரண்டாவது பிடித்தால் நேராக ‘ஸ்கை’க்குப் போய்விடலாம்.

‘மிரர்’ 2009 டிசம்பரில் சான்டா பார்பரா ஸ்டூடியோவில் பதிவானது. பன்னிரண்டு உருப்படிகள். பீச் பாய்ஸ் என்ற ராக் குழுவின் ‘கேரலைன், நோ’, மெக்சிகோ நாட்டுப்பாடல் ‘லா யோரோனா’, ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மாங்கின் இரண்டு மெட்டுகள், கறுப்பின ஆலயப் பாடல்கள் என்று தெரிந்த சரக்குகளே அதிகம். அதனால்தான் இதை ‘எளிது’ என்று சொல்லி முதலில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர் வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடுவார். ஹோட்டல் லாபி இசையாகிவிடும். லாய்ட் இங்கே மெட்டை அதிகம் கலைப்பதில்லை. சுரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் தேய்த்து மாற்றுகிறார். சத்தம் குறைந்த அறையில், முழுக் கவனத்தில் மட்டுமே அது தெரியும். கடைசி உருப்படி ‘தாகி’யில் அவரே பேசுகிறார், பகவத்கீதையிலிருந்து. லாய்ட் நெடுங்கால வேதாந்தி என்பது தெரியாதவருக்கு இது ஒட்டாத வால் மாதிரி இருக்கும். மூன்றில் பலவீனமானது இதுதான் என்பது என் கணிப்பு. ‘கோ டவுன் மோசஸ்’ மட்டும் விதிவிலக்கு.

‘ஸ்கை’ 2024இல் அவருடைய 86ஆவது பிறந்தநாளன்று ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. பதினைந்து உருப்படிகள், ஒன்றரை மணி நேரம், இரண்டு தட்டு. டெனரில் பழைய தடித்த தொனி இல்லை. காற்றும் சுரமும் கலந்து வருகிறது. மூப்பின் தளர்ச்சியென்று தள்ளினால் நஷ்டம் கேட்பவருக்குத்தான். கிரெனடியரும் பிளேடும் விட்டுக்கொடுக்கும் இடைவெளியில் அந்தக் காற்றே மெட்டின் பாதியாகிறது. ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். மெதுவான உருப்படிகள் அடுக்கடுக்காக வருவதால் ஒரு மணி நேரத்தில் காது சோர்ந்து, ‘பாம் இன் கிலியட்’ போன்றவை வீணாகும். முதல் தட்டு ஒரு நாள், இரண்டாவது இன்னொரு நாள்.

ஃபோன் செயலியில் கேட்பவர்கள் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். இந்தக் குழுக்கள் கடைசிச் சுரத்தை மெல்ல ஓயவிடும். கிராஸ்ஃபேட் அந்த வாலின்மேல் அடுத்த பாட்டைக் கொட்டும். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸின் கீழ்ப்பகுதி வராது, ராஜர்ஸுக்கும் கிரெனடியருக்கும் உள்ள வித்தியாசமும் போய்விடும். சுமாரான இயர்ஃபோனே போதும்.

ஹார்லண்டின் தாளப்பின்னல் சிக்கலாகப் பட்டால் ஒரு சின்ன மாற்றுவழி: 2006இல் வந்த ‘சங்கம்’. நால்வர் அல்ல, மூவர்: லாய்ட், ஜாகிர் உசேன், ஹார்லண்ட். தபலாவின் சொற்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டபின் ‘ப்ரொமீதியஸு’க்குத் திரும்பினால், இரைச்சலாக இருந்த இடங்களில் எண்ணிக்கை பிடிபடத் தொடங்கும்.