தண்ணீர் கேன் தூக்கி வந்த தோள் வலி: ஆபரேஷன் இல்லாமல் 14 மாதங்கள்

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது வலது தோளில் சுரீரென்று ஓர் இழுப்பு. இரண்டு வாரம் தைலம் தேய்த்தும் குறையவில்லை. எம்ஆர்ஐ ஸ்கேனில், கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் ஜவ்வு பாதி கிழிந்திருப்பது தெரிந்தது. முழுக்க அறுந்துவிடவில்லை, முதலில் மூன்று மாதம் பிசியோதெரபி செய்யுங்கள் என்றார் டாக்டர்.

பகலைவிட ராத்திரிதான் பெரும்பாடு. அந்தப் பக்கம் ஒருக்களிக்கவே முடியாது. மல்லாந்து படுத்தாலும் முழங்கை கீழே சரிந்து தோளை இழுக்கும். முழங்கைக்கு அடியில் துண்டை மடித்து வைக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அன்றைக்குத்தான் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன். சட்டை போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைப்பதும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுப்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

பயிற்சியில் முதலில் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுவது, சுவரில் கையை வைத்து அழுத்துவது. அப்புறம் உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்ட்; மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நிறம் மாற மாற இழுக்கக் கடினமாகும். அதை ஜன்னல் கம்பியில் கட்டி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு, முன்னங்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். துண்டு நழுவி விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் பேண்டிலிருந்து சிவப்புக்குப் போகவே எனக்கு ஐந்து வாரம் ஆனது. செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். இந்தக் கணக்கு கிடைத்த பிறகுதான் என் பயம் போனது.

கொடியில் துணி காயப்போடுவதுதான் எனக்குப் பரீட்சை. கை தோள் உயரத்துக்கு வரும்போது வெடுக்கென்று பிடிக்கும், அதைத் தாண்டினால் விட்டுவிடும். அந்தப் பிடிப்பு போனதும், மூன்றாம் மாதம், பயிற்சியை நிறுத்திவிட்டேன். தீபாவளிக்கு ஒட்டடை அடித்த மறுநாள் வலி அப்படியே திரும்பி வந்தது. வலி அடங்குவது வேறு, தசை பலம் பெறுவது வேறு. மறுபடியும் மஞ்சள் பேண்டிலிருந்து ஆரம்பித்தேன்.

கீழே விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் மட்டும் தயவுசெய்து இப்படிக் காத்திருக்காதீர்கள். ஜவ்வு முழுதாக அறுந்திருக்கலாம், உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

இப்போது பச்சை பேண்ட், வாரத்தில் மூன்று நாள். வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறேன். கேனை மட்டும் தூக்குவதில்லை, தரையிலேயே வைத்துப் பம்ப் மாட்டியிருக்கிறோம்.