கேம்பிரிட்ஜ் போலார் மியூசியமா, ஓஸ்லோ ஃப்ராம் மியூசியமா?

துருவப் பயணக் கதைன்னா உயிரை விடுற ஆளுங்களுக்கு ஐரோப்பா பக்கம் போனா ரெண்டு இடம் உடனே கண்ணுல படும். ஒண்ணு நார்வேல ஓஸ்லோவுல இருக்கற ஃப்ராம் மியூசியம். இன்னொண்ணு இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல, ஸ்காட் போலார் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் கட்டடத்துக்குள்ளேயே இருக்கற சின்ன போலார் மியூசியம். எனக்கு ரெண்டும் பாக்கக் கிடைச்சுது. ஒண்ணுக்குத்தான் போக முடியும்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம கேம்பிரிட்ஜ்னுதான் சொல்வேன், ஏன்னு கீழ சொல்றேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். கேம்பிரிட்ஜ்ல டிக்கெட்டே கிடையாது, இலவசம். ஃப்ராமுக்குக் காசு, நார்வே விலைவாசி பத்தி சொல்லவே வேணாம். கேம்பிரிட்ஜ் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி லென்ஸ்ஃபீல்ட் ரோட்டுக்கு நடந்தே போயிடலாம். ஃப்ராம் பிக்டோய்ங்கற தீபகற்பத்துல இருக்கு, பஸ் இருக்கு, வெயில் காலத்துல படகும் ஓடும்.

ஃப்ராமோட பலம் ஒரே ஒரு பொருள், ஆனா அது ஃப்ராம்ங்கற பேர்ல ஒரு முழுக் கப்பல். 1892-ல காலின் ஆர்ச்சர் நார்வே துருவப் பயணி நான்செனுக்காகக் கட்டினது. பனி ரெண்டு பக்கமும் நெருக்கினா கப்பல் நொறுங்காம வழுக்கி மேல வரணும்னு அடிப்பக்கத்தை உருண்டையா செஞ்சிருப்பாங்க, கீழ நின்னு அண்ணாந்து பாத்தாலே அந்த ஐடியா படம் போட்ட மாதிரி புரிஞ்சிடும். சுக்கானையும் ப்ரொப்பெல்லரையும் மேல தூக்கிக்கற மாதிரி வச்சிருக்காங்க. 1893-லேர்ந்து 1896 வரைக்கும் ஆர்க்டிக் பனியில மாட்டிக்கிட்டு மிதந்த கப்பல் இது, அப்புறம் 1910-ல இன்னொரு நார்வேக்காரர் அமுண்ட்சென் தென் துருவத்தைப் பிடிக்கத் தெற்கே போனதும் இதுலதான். உள்ள ஏறி அந்தக் குட்டிக் குட்டி கேபினையெல்லாம் எட்டிப் பாக்கலாம். பக்கத்துலயே வட அமெரிக்காவுக்கு மேல அட்லாண்டிக்லேர்ந்து பசிபிக் போற வடமேற்குக் கடல்வழியை முதல்ல கடந்த யோவாங்கற கப்பலும் நிக்குது. கப்பல்தான் உங்களுக்கு முக்கியம்னா இதுக்கு மேல படிக்கவே வேணாம், ஓஸ்லோவுக்கு டிக்கெட் போட்டுடுங்க.

ஆனா எனக்கு முடிவு பண்ண வச்ச விஷயம் வேற. ரெண்டாவது ரவுண்டு. அதாவது ஒரு தடவை முழுசா சுத்திப் பாத்துட்டு, கதை முடிஞ்ச விதம் மனசுல இருக்கும்போதே திரும்ப முதல்லேர்ந்து பாக்க முடியுதா இல்லையா. ஃப்ராம்ல முடியலை. கப்பலைச் சுத்தி மாடி மாடியா கேலரி, நடுவுல கப்பலுக்குள்ள ஏறி இறங்கறது, குளிரூட்டின ஒரு அறை, அப்புறம் யோவா, இத்தனையும் பாத்து முடிக்கறதுக்குள்ள காலும் கண்ணும் சோர்ந்துடும், கடைசில இருக்கற போர்டையெல்லாம் படிக்காமலே தாண்டிப் போக ஆரம்பிச்சிடுவோம். கேம்பிரிட்ஜ்ல மொத்தமே ஒரு ஹால் அளவுதான், நிதானமா பாத்தாலும் சீக்கிரம் முடிஞ்சிடும். காசு கட்டாததால வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு திரும்பவும் உள்ள வரலாம்.

அந்த ரெண்டாவது சுத்துல என்ன ஆகுதுன்னா, முதல் தடவை சும்மா பொருளா தெரிஞ்சதெல்லாம் மனுஷங்களா மாறிடுது. அங்க கேப்டன் ஓட்ஸோட தூங்கற பை இருக்கு, ரெயின்டீர் தோல்ல தைச்சது. பிரிட்டிஷ் பயணி ஸ்காட் தலைமையில தென் துருவம் போயிட்டுத் திரும்பற வழியில செத்துப் போன குழுவுல ஓட்ஸும் ஒருத்தர். முதல்ல பாக்கும்போது முடி உதிர்ந்த பழைய தோல், அவ்வளவுதான். அந்தப் பையில ஒரு பக்கம் நீளமா கிழிச்சு விட்டிருக்கும். உறைபனி தின்ன காலை மடக்கி உள்ள நுழைக்க முடியாம அறுத்து விட்டது. 1912 மார்ச்ல அவர் தன்னால மத்தவங்க தாமதமாகக் கூடாதுன்னு கூடாரத்தை விட்டு பனிப்புயலுக்குள்ள நடந்து போனார், திரும்பலை. அப்ப மீதி இருந்த ஸ்காட்டும் இன்னும் ரெண்டு பேரும் சாப்பாடும் எரிபொருளும் வச்சிருந்த கிடங்குக்கு சுமார் 20 கிலோமீட்டர் முன்னாடியே செத்துப் போனாங்க. இதெல்லாம் படிச்சிட்டுத் திரும்ப வந்து அந்தக் கிழிசல் முன்னாடி நின்னேன், ரொம்ப நேரம் நகர முடியலை.

கூடாரத்துல இருந்து எழுதின கடைசிக் கடிதங்களும் இந்த இன்ஸ்டிடியூட்கிட்டதான் இருக்கு. ஸ்காட் மனைவிக்கு எழுதினதுல, பையனுக்கு முடிஞ்சா இயற்கை மேல ஆர்வம் வர வைன்னு சொல்லியிருப்பார். அந்தப் பையன்தான் பீட்டர் ஸ்காட், பின்னாடி பறவை ஆய்வாளரா ஆகி 1961-ல உலக வனவிலங்கு நிதியம் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். ஸ்காட்கூடவே அந்தக் கூடாரத்துல செத்த எட்வர்ட் வில்சன் வரைஞ்ச படங்களையும் விட்டுடாதீங்க. வெளிய வாட்டர்கலர் உறைஞ்சிடும்ங்கறதால அங்க பென்சில்ல வரைஞ்சு, எந்த இடத்துல என்ன நிறம்னு எழுதி வச்சுக்கிட்டு, குடிலுக்கு வந்துதான் கலர் அடிப்பார்.

வாசல் கூடத்துல தலைய தூக்கிப் பாக்க மறக்காதீங்க, ரெண்டு குவிமாடம், ஒண்ணுல ஆர்க்டிக் வரைபடம், இன்னொண்ணுல அண்டார்டிக், சுத்தி கப்பல்களும் பயணிகள் பேரும். 1934-ல மெக்டொனால்ட் கில் வரைஞ்சது. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, இது வெறும் நினைவிடம் இல்லை. ஸ்காட் குழுவுலயே போன புவியியலாளர் ஃப்ராங்க் டெபன்ஹாம் 1920-ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் அதே கட்டடத்துல பனிப்பாறை ஆய்வு பண்றவங்க வேலை பாக்கறாங்க. கீழ பாக்கற கேள்விக்கு மேல யாரோ இப்பவும் பதில் தேடிக்கிட்டு இருக்காங்க.

ஒரு குறையும் சொல்லணும். கேம்பிரிட்ஜ்ல கதை பெரும்பாலும் ஸ்காட் பக்கத்துலேர்ந்துதான். அமுண்ட்சென் 52 நாயோட கிளம்பி 1911 டிசம்பர் 14-ல தென் துருவத்தைத் தொட்டு, 11 நாயோட பத்திரமா திரும்பினது எப்படி, எரிபொருள் டின்னை ஈயம் வச்சு அடைச்சதுலேர்ந்து எவ்வளவு யோசிச்சுச் செஞ்சார்ங்கறதுக்கெல்லாம் மனசு ஃப்ராம் பக்கம்தான் போகும். ஸ்காட்டோட டின்கள்லேர்ந்து எண்ணெய் கசிஞ்சு குறைஞ்சு போச்சு, அந்த ஒரு வித்தியாசமே எத்தனை பெருசு.

குழந்தைங்க விஷயத்துல என்னால உறுதியா சொல்ல முடியாது, நான் கூட்டிட்டுப் போனதில்லை. ஃப்ராம் டெக்ல பசங்க ஓடி விளையாடிக்கிட்டிருந்தாங்க, கேம்பிரிட்ஜ்ல வந்திருந்த பசங்க சீக்கிரமே வாசல் பக்கம் பாக்க ஆரம்பிச்சதையும் பாத்தேன். ரொம்பச் சின்னப் பிள்ளைங்கன்னா ஃப்ராம் நல்லதுன்னு தோணுது, கொஞ்சம் படிக்கற வயசுன்னா கேம்பிரிட்ஜே போதும். கோடை சீசன்ல ஃப்ராம்ல கூட்டம் எப்படின்னும் எனக்குத் தெரியாது, நான் போனது குளிர்காலத்துல.

கேம்பிரிட்ஜ் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்கற நாளைப் பாத்துக்கங்க, வாரம் முழுக்க திறக்கறதில்லை. வெளிச்சம் பட்டா காகிதம் கெடும்ங்கறதால இந்த மாதிரி கடிதங்களை எப்பவும் வெளிய வைக்க மாட்டாங்க, அதனால குறிப்பிட்ட ஒரு கடிதம்தான் பாக்கணும்னா முன்னாடியே மெயில் போட்டுக் கேட்டுட்டுப் போங்க.