சுருட்டைக் கோட்டைவிட்ட கதை: சொல் தேடும் செயலியோடு மூன்று வருடம்

ஞாயிறு சாயங்காலம் வியாசர்பாடியில் ஷேர் ஆட்டோ பிடித்து பெரம்பூருக்கு ஸ்கிராபிள் ஆடப் போகிறவன் நான். கைக்கு வரும் ஏழு எழுத்துக் கட்டைகளை வைத்துப் பலகையில் ஆங்கிலச் சொற்களைக் கோக்கும் ஆட்டம் அது. எதிரில் உட்காருபவர் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. அவர் பேசும் ஆங்கிலமே எனக்குப் பாதிதான் பிடிபடும்; படித்தது தமிழ் மீடியம். தொடர்ந்து தோற்று அலுத்துப்போய், 2022 தொடக்கத்தில், ஆபீசில் எல்லோரும் தினம் ஒரு ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டில் பைத்தியமாக இருந்த சமயம், எழுத்துகளைக் கொடுத்தால் ஆங்கிலச் சொற்களை எடுத்துப் போடும் ஒரு இணையதளத்தையும் ஒரு செயலியையும் பிடித்தேன். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்றைக் கொஞ்சம் திட்டப்போவதால் இரண்டின் பெயரும் வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் நான் தேடியதே தப்பு. சி, ஏ, டீ என்று மூன்று எழுத்தைத் தட்டினேன். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. நம்ம காசிமேட்டுக் கட்டுமரம்கூட 'கேட்டமரான்' என்று அந்தக் கூட்டத்தில் நின்றது. நான் தேர்ந்தெடுத்திருந்தது 'இந்த எழுத்துகள் உள்ள சொற்கள்'. ஸ்கிராபிளுக்கு வேண்டியது 'இந்த எழுத்துகளால் மட்டும் ஆன சொற்கள்'. அதைத் தட்டினால் கேட், ஆக்ட் என்று கைப்பிடி அளவுதான் வரும். வேர்டிலுக்கு வேறு கணக்கு: ஐந்தே எழுத்து, இன்னது இருக்க வேண்டும், இன்னது இருக்கவே கூடாது, இன்னது மூன்றாவது இடத்தில். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ என்ற சொல் விளையாட்டை ஆடினால் கொடுத்த எழுத்தையே எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம், ஆனால் நடு எழுத்து கட்டாயம். ஆக, கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இணையதளம் இந்த வித்தியாசத்தைப் பொடி எழுத்தில் கீழே ஒளித்து வைத்திருந்தது. செயலியில் முதல் திரையிலேயே தனித்தனிப் பெட்டி. எழுத்தில்லாத வெற்றுக் கட்டைக்குக் கேள்விக்குறி போட்டால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள், ஒரே எழுத்துகளால் ஆன சொற்கள் தானாக ஒன்றாகச் சேர்ந்துவிடும், அவ்வளவுதான். லிசன், சைலன்ட் இரண்டையும் அடுக்கிப் பாருங்கள்: இ-ஐ-எல்-என்-எஸ்-டீ. என்லிஸ்ட், டின்செல் என்றாலும் அதே ஆறு எழுத்துதான். காதால் கேட்டால் இந்த நான்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லிசனில் டீ இருப்பதே காதுக்குத் தெரியாதே! தமிழில் காதை நம்பி எழுதிப் பழகியவன் நான். ஆங்கிலத்திலும் சத்தத்தை வைத்தே சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டியிடம் தோற்றதற்கு என் சொல்வளம் மட்டும் காரணமில்லை, என் காதும் காரணம். அன்றிலிருந்து கட்டைகளை முதலில் அகரவரிசையில் அடுக்கிவிட்டுத்தான் யோசிக்கிறேன். பலன் இருக்கிறது.

அப்புறம், ஆட்டத்தில் எந்தச் சொல் செல்லும் என்று சொல்லும் சொற்பட்டியல் விவகாரம். ஒரு ஆட்டத்தில் என் கையில் இசட் கடைசிவரை தங்கி, பத்துப் புள்ளி போயிற்று. பக்கத்திலேயே ஓ இருந்தது. இமயமலைப் பக்கம் யாக்கும் மாடும் கலந்து பிறக்கும் விலங்குக்கு 'ஸோ' என்று பெயர், இசட்-ஓ, இரண்டே எழுத்து. வீட்டுக்கு வந்து செயலியில் பார்த்தால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது. அடுத்த வாரம் ஆன்ட்டி அதையே போட்டார். செயலி அமெரிக்கப் பட்டியலில் நின்றுகொண்டிருந்தது. அதில் சொற்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. நாங்கள் ஆடுவது கொலின்ஸ் பட்டியலை வைத்து, அதில் 2.7 லட்சத்துக்கும் மேல். அமைப்புகளுக்குள் போய் மாற்ற அரை நிமிடம். ஆனால் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

க்யூ வந்தால் முன்பு வயிற்றைக் கலக்கும். நூறு கட்டைகளில் க்யூ ஒன்றுதான், யூ நான்கு. ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வரும், இரண்டும் ஒரே கையில் சேர வேண்டுமே. யூ இல்லாத க்யூ சொற்களைத் தேடியபோது நிகாப், தலாக், ஃபகீர் என்று வரிசையாக வந்தன. முஸ்லிம்கள் அதிகம் வாழும் மண்ணடியில் நாலு தெரு சுற்றியவனுக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்யவா வேண்டும்? க்யூ, ஐ என்று இரண்டே எழுத்தில் எழுதி 'சீ' என்று ஒலிக்கும் சொல் ஒன்றைத்தான் புதிதாகக் கற்றேன்.

இணையதளத்தை நான் கைவிட்டது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, நெட் இல்லை. செயலி மட்டும் சார்ஜ் தீரும்வரை வேலை செய்தது, பட்டியல் முழுக்க போனுக்குள்ளேயே இருந்ததால். அதற்கு முன்பே அந்தத் தளத்தின் விளம்பரங்கள், தேடும் பெட்டியையே மூடும் அளவுக்குப் பெருத்திருந்தன. செயலியில் விளம்பரத்தை ஒழிக்க ஒரு பிரியாணிக் காசு கொடுத்தேன், வருத்தமில்லை. ஒரு குறை: பாதிச் சொற்களுக்குப் பொருள் தருவதில்லை. பொருள் தெரியாத சொல் எனக்கு ஒரு வாரம்கூட மனதில் நிற்பதில்லை, அதற்கு அகராதியைத் தனியாகத் திறக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின்போது போனைக் கவிழ்த்து வைப்பது ஆன்ட்டி வீட்டுச் சட்டம். அதனால் ஒவ்வொரு முறையும் கைக்கு வந்த எழுத்துகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, திரும்பும் வழியில் தட்டிப் பார்ப்பேன். போன மாதம் எனக்கு வந்தவை சி, இ, எச், ஓ, ஓ, ஆர், டீ. ஐந்து எழுத்தில் டார்ச் போட்டுவிட்டு மார்தட்டிக்கொண்டேன். ஆட்டோவில் செயலி முதல் வரியில் காட்டியது 'செரூட்'. ஏழு கட்டையும் ஒரே முறையில் போயிருக்கும், அதற்குக் கூடுதலாக 50 புள்ளி. பொருள் பார்த்தால், நம்ம சுருட்டு! தமிழிலிருந்து போய் ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆன்ட்டியிடம் சொன்னேன். கட்டைப் பையைக் குலுக்கிக்கொண்டே, "அடப்பாவி, எங்க அப்பா வாயில எப்பவும் இருந்ததே அதுதானேப்பா" என்றார்.