பேசிவிட்டு எழுதுவது: சேர்க்கைக் கட்டுரைகளோடு ஆறு வருடம்

போனிலேயே இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கட்டுரையை முதலில் அதில் பேசிப் பார்த்துவிட்டு எழுதுவது, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இளங்கலை விண்ணப்பம் எழுதியபோது தொற்றிய பழக்கம். முதுகலை விண்ணப்பம், அப்புறம் தோழிகளின் கட்டுரைகள், இப்போது தம்பியுடையது என்று ஆறு வருடம் ஓடிவிட்டது.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாக அனுப்பும் காமன் ஆப்பில், கட்டுரைக்கு 650 சொல்தான் உச்சவரம்பு. என் முதல் டிராஃப்ட், சிறுவயதிலிருந்தே அறிவியல் பிடிக்கும் என்று தொடங்கி, வாங்கிய பரிசுகளை வரிசையாக அடுக்கியது. அவையெல்லாம் விண்ணப்பத்தின் இன்னொரு பகுதியில் ஏற்கெனவே இருந்தன. மூன்று வாரம் திருத்தியும் கட்டுரைக்கு உயிர் வரவில்லை. ஒரு நாள் இரவு ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, நெருங்கியவரிடம் சொல்வதுபோலத் தமிழில் பேசினேன். பரிசுகள் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டன. பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்கிய நாட்களைப் பற்றி மட்டும் ஏழு நிமிடம் பேசியிருந்தேன். சின்னப் பிள்ளைகள் எடுத்த இடத்தில் புத்தகத்தை வைக்க மாட்டார்கள். திமிங்கலப் புத்தகத்தைக் கப்பல் புத்தகத்துக்குப் பக்கத்தில் செருகிவிட்டுப் போவார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தத் தப்பான இடங்களை நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் கட்டுரையானது.

பேசிய அன்றே கேட்க மாட்டேன். மறுநாள் கேட்டு, குரல் வேகமெடுக்கும் இடங்களை மட்டும் கையால் குறித்துக்கொள்வேன். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலிகளையும் முயன்று பார்த்தேன். பேசியது மொத்தமும் கண்முன் வந்து நின்றால் எதையும் வெட்ட மனம் வருவதில்லை, விட்டுவிட்டேன். தமிழில் பேசியதை வரிக்கு வரி மொழிபெயர்ப்பதும் கிடையாது. குறிப்பை மூடிவைத்துவிட்டு ஆங்கிலத்தில் புதிதாக எழுதுவேன். கடைசியில் சத்தமாகப் படிக்கும்போது மூச்சு முட்டும் வாக்கியங்கள் உடையும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 350 சொல். எந்த நான்கு என்று முடிவுசெய்ய இந்தப் பழக்கம் மிகவும் உதவியது. எட்டுக்கும் இரண்டிரண்டு நிமிடம் பேசினாலே எதில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதுகலைக்கான ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸில், அதாவது ஏன் அந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரையில்தான், இது என்னைக் கைவிட்டது. பேசினால் கதைதான் வருகிறது. அதைப் படிப்பவர்களோ அந்தத் துறைப் பேராசிரியர்கள். என்ன கேள்வியை ஆராயப் போகிறாய், இதுவரை என்ன செய்திருக்கிறாய், ஏன் இந்தத் துறை என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். நான் நூலகக் கதையிலேயே அரைப் பக்கத்தை வீணாக்கியிருந்தேன். என் ஆசிரியர் படித்துவிட்டு, "உன் ஆராய்ச்சிக் கேள்வி மூன்றாவது பத்தியில்தான் வருகிறது" என்றார். மேசையில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். மக்கள் தேடும் சொல்லுக்கும் ஆவணத்தில் இருக்கும் சொல்லுக்கும் நடுவே விழும் இடைவெளி என்ற என் கேள்வி முதல் பத்திக்கு வந்தது. நூலகத்துக்கு ஒரே வாக்கியம்.

இப்போது அந்த வகைக் கட்டுரைக்கு ரெக்கார்டரை ஒரே ஒரு வேலைக்குத்தான் எடுக்கிறேன். தோழி ஒருத்தி எதிரில் உட்கார்ந்து, "அந்த ப்ராஜெக்டில் நீ செய்தது என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். 'நாங்கள் உருவாக்கினோம்' என்பது மெல்ல 'தரவைச் சுத்தம் செய்தது நான், முதல் மாடல் சரியாக வராததற்குக் காரணத்தைக் கண்டுபிடித்ததும் நான்' என்று மாறும்.

தம்பி இதுவரை மூன்று முறை பேசிப் பதிந்துவிட்டான். இரண்டில் சரியாக எதுவும் சிக்கவில்லை. மூன்றாவதில், நீச்சலைப் பாதியில் விட்டதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்து ஒரு இடைவெளி வருகிறது. நாளைக்கு அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.