பாட்டு கட்டுபவருக்கு எந்த ரெடிமேட் தாளம்?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்துகொண்டு பாட்டு கட்டுபவருக்கு நிஜமான ட்ரம்ஸ் செட் நடக்கிற காரியமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம், விடிந்தால் மலைக்குப் போகவேண்டியவர்கள். கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கினால் மைக்கை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். ஆகவே யாரோ எங்கோ வாசித்து வைத்த தாளத்தைத்தான் எடுத்தாக வேண்டும். அதை எந்த வடிவில் எடுக்கிறோம் என்பதில்தான் பாட்டின் தலையெழுத்து இருக்கிறது.

முதலில் எல்லோர் கையும் போவது யூடியூபுக்கு. வேகத்தைப் போட்டுத் தேடினால் ஐந்து நிமிட ட்ரம்ஸ் ஒலி வந்துவிடும். கிதார் பழக இது நல்லது. பாட்டு கட்ட உதவாது. பல்லவி எங்கே முடிகிறது, சரணம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த ட்ரம்மர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டார். நம் வரிகள் அவர் பின்னால் ஓடவேண்டும். கேட்க இலவசம் என்பதால் வெளியிடவும் இலவசம் என்று ஆகாது, அதுவும் ஒரு விஷயம்.

அடுத்தது லூப். இரண்டு பார், நான்கு பார் அளவில் வெட்டிய ஒலித்துண்டுகள் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, பெரும்பாலும் நான்கு அடி). ஸ்ப்ளைஸ் போன்ற சந்தா தளங்களில் வாங்கலாம். கராஜ்பேண்டிலும் பேண்ட்லேபிலும் கூடவே வருகின்றன. நல்ல அறையில், நல்ல மைக்கில் பதிந்தவை என்பதால் இழுத்துப் போட்ட நொடியிலேயே பாட்டு பெரிய இடத்தில் பதிந்ததுபோல் ஒலிக்கும். அந்த மயக்கத்தில் நான் பல மாதம் இருந்தேன்.

சிக்கல் வேகத்தை மாற்றும்போது தெரியும். 96 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 96 அடியில், நான்கு பார் லூப் ஒன்று சரியாக 10 விநாடி. என் பாட்டுக்கு 84தான் பொருந்தியது. அந்தப் பத்து விநாடியை ஏறக்குறைய பதினொன்றரையாக இழுத்தேன். காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மான கிக் தாங்கிக்கொண்டது. ஜோடித் தகடான ஹை-ஹேட் தாங்கவில்லை. 'டிக்' என்று விழவேண்டிய அடி, ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல் 'ஷ்ர்ர்' என்று இழுபட்டது. ஸ்நேர் ட்ரம்மின் அடிக்குப் பின்னால் மெல்லிய இரட்டை அடி ஒன்று முளைத்தது. அப்புறம் 92க்கு வைத்துப் பார்த்தேன், குறையே தெரியவில்லை. ஐந்து சதவீதத்துக்கு மேல் லூப்பை இழுப்பதில்லை என்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

டேட்டாவையும் யோசிக்கவேண்டும். சிடி தரத்து ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. பெரிய லூப் தொகுப்பு ஒன்றை இறக்க, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஒரு மாலையே போய்விடும். உரிமத்தையும் வாசியுங்கள். பெரும்பாலானவை நம் பாட்டுக்குள் பயன்படுத்தலாம், லூப்பைத் தனியாக விற்கக்கூடாது என்றுதான் சொல்லும். யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற தளங்களில் மட்டும், ஏற்றியவருக்கே அது சொந்தமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மிடி. பாட்டு கட்டுபவருக்கு என் பதில் இதுதான். மிடி கோப்பில் ஒலியே கிடையாது. எந்த அடி, எப்போது, எவ்வளவு பலமாக என்ற குறிப்பு மட்டும். அதனால் சில கேபிதான் இருக்கும். 1991இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்குப்படி நோட் எண் 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்தது. அதைப் பின்பற்றும் கோப்பை எங்கிருந்து எடுத்தாலும் அதே ஒழுங்கில் இயங்கும் எந்த மென்பொருள் ட்ரம்ஸிலும் ஓடும். 96ஐ 84 ஆக்கினாலும், 60 ஆக்கினாலும் ஒலி கெடாது.

அதைவிடப் பெரிய லாபம் வேறு. என் சரணத்தின் கடைசி வரி தாளத்தைவிட இரண்டு அடி கூடுதல். லூப் வைத்திருந்த காலத்தில் ஒரு சொல்லை வெட்டிவிட்டுத்தான் அந்த வரியைப் பாடினேன். மிடியில் அந்த ஒரு பாரை மட்டும் இரண்டு அடி நீட்டி, கிக்கை 'மலை' என்ற சொல்லின் மேல் நகர்த்தி வைத்தேன். வெட்டிய சொல் திரும்பி வந்தது.

மிடிக்கு ஒலி தர எம்டி பவர் ட்ரம் கிட் இலவசம், அதனோடு தாளக் கோப்புகளும் வருகின்றன. ஹைட்ரஜனும் இலவசம், பழைய கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். பணம் இருந்தால் ஈஸிட்ரம்மர். குறை என்னவென்றால் எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல் கேட்கும். ஹை-ஹேட் அடிகளின் பலத்தை ஒன்றுவிட்டு ஒன்று குறைத்துப் பாருங்கள், ஆள் வாசிப்பதுபோல் வரும்.

கோயில் பஜனைக்கு வாங்கிய யமஹா கீபோர்ட் வீட்டில் இருந்தால் மெட்டு தேடும்போது அதன் ஸ்டைல், அதாவது தானாக ஓடும் பின்னணி, போதும். கோர்டும் தாளமும் ஒரே கையில் ஓடும், இடைத்தாளம் ஒரு பொத்தானில். பதிவுக்கு மட்டும் அந்த ஒலியை எடுக்காதீர்கள். கிக்கும் ஸ்நேரும் மற்ற வாத்தியங்களோடு ஒன்றாகக் கலந்து வந்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

எந்த வழியில் போனாலும் நமக்கென்று ஒரு இடைஞ்சல் உண்டு. ரெடிமேட் தாளங்களில் பெரும்பகுதி நாலுக்கு நாலு, பாருக்கு நான்கு அடி. பைலாவோ 6/8இல், பாருக்கு ஆறு சிற்றடியாக, ஆடுகிறது. கும்மியும் நம் நாட்டார் மெட்டுகள் பலவும் மும்மூன்றாக நடக்கின்றன. தேடும்போது 6/8 கிடைக்காவிட்டால் 12/8 என்று போடுங்கள், இரண்டு பார் சேர்ந்து ஒன்றாக இருக்கும். வேகத்திலும் கவனம்: 6/8இல் நீங்கள் காலால் தட்டுவது நிமிடத்துக்கு 60 என்றால், ஒரு தட்டு ஒன்றரை குவார்ட்டர் நோட் என்பதால், குவார்ட்டர் நோட்டைக் கணக்கிடும் மென்பொருளில் 90 போடவேண்டும்.

நம் தப்பு என்ற பறை மேளத்துக்கு எந்தத் தொகுப்பும் எனக்கு ஒத்துவரவில்லை. கிடைத்த பறை லூப்கள் வேறு ஊர் அடி. காமன் கூத்துக்கு அடிக்கும் என் மாமாவை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்காரவைத்துப் பதிந்தேன். பனியில் தோல் தொய்ந்திருந்தது. கவ்வாத்து மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) கொஞ்சம் கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காட்டி விரலால் தட்டிப் பார்த்தார். மந்தமாக இருந்த சத்தம் மெல்ல மெல்ல ஏறி 'கிண்' என்று வந்ததும் நிறுத்தினார். ஃபோனை ஆறடி தள்ளி வைத்தேன்; பக்கத்தில் வைத்தால் ஒலி உடையும். ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன், அதில் மிடி தாளம்.

இரண்டாம் சரணத்தில் மிடியை அணைத்துவிட்டேன். எட்டு பாருக்கு அவர் தப்பு மட்டும் போகிறது.